டவர் எடுக்குமா?

கம்பி எட்டாத ஊர்கள் – 9

கொல்லிமலைக்கு ஏறும் சாலை காரவள்ளியில் தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் இருப்பவர்கள் போன் வாங்கப் பெரும்பாலும் சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ இறங்கி வருகிறார்கள். அங்கே போன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்ண்ணா, இது எங்கூர்ல டவர் எடுக்குமுங்களா?” கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார். கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். கேட்ட கேள்விக்கான விடை மட்டும் இருக்காது. “இது 5ஜி போனுங்க, நல்லாவே எடுக்கும்” என்று சொல்லிக் கொடுத்தனுப்புவார். அவர் ஏமாற்றவில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

சென்ற வாரம் டவர்கள் எங்கே நிற்கின்றன, எங்கே ஏன் நிற்கவில்லை என்று பார்த்தோம். இந்த வாரம் மறுபாதி, அதாவது நம் கையில் இருக்கும் பாதி. ஒரே வீட்டுத் திண்ணையில், ஒரே நிறுவனத்தின் சிம் போட்ட இரண்டு போன்களை வைத்தால் ஒன்றில் பேச முடிகிறது, மற்றதில் “ஹலோ ஹலோ” என்று கத்த வேண்டியிருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நகரத்தில் இருப்பவர்கள் நம்புவதில்லை, ஏனென்றால் அங்கே டவர் தெருவுக்குத் தெரு இருக்கிறது. மோசமான போனும் நல்ல போனாகவே தெரியும். டவரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஒரு மலைச்சரிவும் இருக்கும் ஊரில்தான் போனின் உண்மையான தரம் வெளியே வரும். அந்தத் தரம் அளக்கக்கூடியது. தயாரிக்கிற நிறுவனங்கள் அளந்தும் பார்க்கின்றன. வாங்குகிறவருக்கு மட்டும் அந்த எண் வந்து சேர்வதில்லை. இந்த அத்தியாயத்தை நான் எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

இது பொழுதுபோக்குச் சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரசவ வலி கண்டவளுக்காக 108-ஐ அழைக்க வேண்டும். வங்கியின் ஓடிபி வந்தால்தான் கணக்கிலிருந்து பணம் நகரும். நூறு நாள் வேலையில் 2023-லிருந்து வருகைப்பதிவுக்குச் செயலியில் படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமானது. படம் ஏறாவிட்டால் கூலிக்கு யார் பின்னால் அலைவது? கொரோனா ஊரடங்கில் வகுப்பு கேட்பதற்காகப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்காவது வேறொரு போன் இருந்திருந்தால் மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

முதலில், திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்புவதை விட்டுவிட வேண்டும். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, அதன் கீழ்மூலையைக் கை மூடினால் சிக்னல் விழுகிறது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அப்போது ஆப்பிள் நிறுவனமே தன் போன்கள் கோடுகளைக் கணக்கிடும் முறை தவறானது, சிக்னல் குறைவாக இருக்கும்போதும் கூடுதல் கோடுகள் காட்டிவிட்டன என்று ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் போனுக்கே அந்தக் கதை என்றால் மற்றவற்றை யோசித்துப் பாருங்கள்.

கோடுகளுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய் ‘சிம் ஸ்டேட்டஸ்’ திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் தெரியும். எண் கழித்தல் குறியோடு வரும். அதனால் -90 என்பது -110-ஐ விட நல்லது. 4ஜியைப் பொறுத்தவரை -80-க்கு மேலே இருந்தால் கவலையே இல்லை. -100 சுமார். -110-க்குக் கீழே போனால் பேச்சு தடுமாறும். -120-ஐ ஒட்டிவிட்டால் எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. இந்தக் கணக்கில் மூன்று எண் குறைந்தால் சிக்னல் பாதியாகிவிட்டது என்று பொருள். பத்து எண் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு போன்களுக்கு இடையே பத்து எண் வேறுபாடு இருந்தால் அது சின்ன விஷயமில்லை. -108-ல் நிற்கும் வீட்டில் அந்தப் பத்துதான் பேச்சுக்கும் மௌனத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்.

அப்படியொரு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா? டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ட் ஃப்ரோலுண்ட் பெடர்சன் இதைத் தொடர்ந்து அளந்தவர். 2016-ல் நார்டிக் அமைச்சர்கள் மன்றத்துக்காக, அந்த நாடுகளில் அதிகம் விற்ற போன்களை எடுத்து, செயற்கைத் தலையோடும் செயற்கைக் கையோடும் பொருத்தி ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். நல்ல போனுக்கும் மோசமான போனுக்கும் நடுவே வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. விலை உயர்ந்த போன்களும் பின்தங்கியவற்றில் இருந்தன. இதைவிட வியப்பான இன்னொன்று: வலக்கையில் பிடித்தால் நன்றாக இயங்கிய சில போன்கள் இடக்கைக்கு மாறியதும் சறுக்கின. காரணம், ஆன்டெனா போனின் விளிம்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஓரமாக இருக்கிறது. உள்ளங்கையும் விரல்களும் அதைப் பொத்திவிடுகின்றன. மனித உடலில் பெரும்பகுதி நீர். நீர் ரேடியோ அலையை உறிஞ்சும். அழைப்பு விட்டுவிட்டு வந்தால் முதலில் காதை மாற்றிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம்.

பழைய பட்டன் போன்தான் டவர் எடுக்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதை இளைஞர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. 2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ நினைத்துப் பாருங்கள். டார்ச், தூசி புகாத விசைகள், பிளாஸ்டிக் உடம்பு. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படும் போன் அது. நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கி, பட்டன் போன்களைக் கோடிக்கணக்கில் செய்தது. அந்தக் காலப் போன் பேசியது 2ஜியில். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் ஒரு போன் உச்சமாக 2 வாட் வரை சக்தியை வீசலாம். இன்றைய 4ஜி போனின் வழக்கமான உச்சம் 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2ஜி போன் அந்த 2 வாட்டைத் தொடர்ச்சியாக வீசாது. விட்டுவிட்டு, நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் வீசும். இருந்தாலும் தொலைவில் நிற்கும் டவர் வரை குரல் எட்ட அந்த வலு உதவியது.

போனிலிருந்து டவருக்குப் போகும் வழியை நாம் மறந்தே விடுகிறோம். டவர் ஓர் அலைவரிசையில் 20 வாட், 40 வாட் என்று வீசுகிறது. நம் போன் திருப்பி வீசுவது 0.2 வாட். டவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது டவருக்குக் கேட்காது. கோடு இருக்கிறது, ஆனால் அழைப்பு போகவில்லை. நமக்கு எதிர்முனையில் இருப்பவர் குரல் கேட்கிறது, அவருக்கு நம் குரல் கேட்கவில்லை. இப்படிப்பட்ட குறைகளுக்குப் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம். நல்ல ஆன்டெனா வைத்த போன் அந்த 0.2 வாட்டை வீணாக்காமல் வெளியே அனுப்பும். மோசமானது பாதிக்கு மேல் தன் உடம்புக்குள்ளேயே தொலைக்கும். சிக்னல் குறைந்த ஊரில் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். போன் நாள் முழுக்க உச்சக் குரலில் கூவிக்கொண்டே இருக்கிறது.

இனி அலைவரிசைக்கு வருவோம். கிராமத்துக்குப் போன் வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது இதுவே, அதிகம் பேர் பார்க்காததும் இதுவே.

அதிர்வெண் குறையக் குறைய அலை அதிக தூரம் போகும், சுவரைத் துளைக்கும், மேடு பள்ளத்தில் வளைந்து இறங்கும். மற்றதெல்லாம் சமமாக இருந்தால், 700 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் 2100-ல் வருவதைவிட ஒன்பது மடங்கு வலுவாக வந்து சேரும். இது வெறும் வெட்டவெளிக் கணக்கு. தோப்பும் குன்றும் ஓட்டு வீடும் நடுவே வந்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே ஊர்ப்புறத்துக்கு உயிர்நாடி 1000-க்குக் கீழே உள்ள அலைவரிசைகள். இந்தியாவில் அவை மூன்று: 700, 850, 900. போன்களின் விவரப் பட்டியலில் இவை வரிசை எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். 700 என்றால் பேண்ட் 28. 850 என்றால் பேண்ட் 5. 900 என்றால் பேண்ட் 8. இந்த 28, 5, 8 என்ற மூன்று எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஜியோவின் 4ஜிக்குத் தொலைவு கொடுப்பது 850. ஏர்டெல் போன்ற நிறுவனங்கள் பழைய 2ஜி காலத்து 900-ல் 4ஜியும் தருகின்றன. பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு அரசு 700-ஐ ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. அதன் புதிய 4ஜி 700-லும் 2100-லும் வருகிறது. இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் விற்ற போன்கள் பலவற்றில் பேண்ட் 28 கிடையாது, ஏனென்றால் அன்று இந்தியாவில் அந்த அலைவரிசையில் யாரும் சேவை தரவில்லை. ஊரில் பிஎஸ்என்எல் 4ஜி வந்துவிட்டது என்று ஆசையாகச் சிம் வாங்கிப் போடுகிறார்கள். டவர் அருகில் 2100 கிடைக்கிறது. காட்டுக்குள் போனதும் போய்விடுகிறது. 700 அங்கேயும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போனுக்கு அதைக் கேட்கும் காது இல்லை.

5ஜியிலும் இதே கதை. 2022 ஏலத்தில் 700-ஐ வாங்கிய ஒரே தனியார் நிறுவனம் ஜியோ. 5ஜியில் 700-க்கு என்28 என்று பெயர். நகரங்களில் பரவலாக இருக்கும் 3300-க்கு மேற்பட்ட அலைவரிசைக்கு என்78. இந்தியாவில் 5ஜி தொடங்குவதற்கு முன்பே, 5ஜி போன் என்று விற்கப்பட்ட சிலவற்றில் என்78 மட்டுமே இருந்தது. அப்படிப்பட்ட போன் இப்போது பழைய போன் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஊர்ப்புறத்தில் அதன் 5ஜியால் பெரிய பயன் இல்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் போனுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ளே இருக்கும் அலைவரிசைகள் மாறும். அமெரிக்காவில் விற்கும் மாடல் அந்த நாட்டு அலைவரிசைகளுக்காகச் செய்யப்பட்டது. நம் 28-ம் 8-ம் அதில் விடுபட்டிருக்கலாம். அன்பாகக் கொடுத்ததை மறுக்க வேண்டாம். ஆனால் பெட்டியின் மேல் இருக்கும் முழு மாடல் எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் விவரப் பட்டியலைப் பார்த்த பிறகு, அதை ஊருக்கான முதல் போனாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அலைவரிசை சரியாக இருந்தும் குரல் அழைப்பு போகாமல் இருக்கலாம். 4ஜியில் குரல் போக வோல்ட்இ என்ற வசதி வேண்டும். ஜியோவில் 2ஜியும் 3ஜியும் கிடையாது, ஆகவே வோல்ட்இ இல்லாத போனில் அதன் சிம் பேசவே பேசாது. மற்ற நிறுவனங்களில் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசும், 2ஜி இருக்கும் வரை. போன் வோல்ட்இ தாங்கினால் மட்டும் போதாது. உங்கள் நிறுவனத்தின் சிம்மில் அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள். பேசும்போதும் மேலே 4ஜி என்றே நின்றால் சரி. மலிவாகக் கிடைக்கும் 4ஜி பட்டன் போன்களில் சில ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டி விற்கப்படுகின்றன. உங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் டவர் வலுவாக இருந்தால் வாங்குங்கள். நாளைக்குச் சிம்மை மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம்.

மலையிலும் காட்டோரத்திலும் இருப்பவர்களுக்கு இரண்டு சிம் என்பது ஆடம்பரம் இல்லை. இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வைக்காமல், வேறு வேறு திசையில் டவர் வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களில் வையுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி எந்தத் திசையில் யார் டவர் இருக்கிறது என்று பார்க்க, 2017-ல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளம் உதவும். 2024-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, எந்த இடத்தில் தங்கள் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்களும் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அந்த வரைபடங்கள் கணினிக் கணிப்பிலிருந்து வருபவை. ஒரு பள்ளத்தாக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள வேறுபாட்டை அவை காட்டாமல் போகலாம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அரசின் டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து அமைத்த 4ஜி டவர்களை ஒரு நிறுவனம் மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் மூவரும் பயன்படுத்தும் ஏற்பாட்டை 2025 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கியது. ஒதுக்குப்புற ஊர்களுக்காகவே அமைந்தவை இவை. அந்த மாதிரி டவர் உங்கள் பக்கம் இருந்தால், போனில் நிறுவனத் தேர்வைக் கையால் பூட்டி வைக்காமல் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டுவிடுங்கள். போன் தானே போய்ச் சேர்ந்துகொள்ளும். அவசரத்துக்கு 112-ஐ அழைக்கும்போது உங்கள் நிறுவனத்தின் சிக்னலே வேண்டும் என்பதில்லை, எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அதன் வழியே போகும்படியே போன்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகத் தனியே இருக்கும் வயதானவர்களுக்கும், இதைச் சொல்லி வையுங்கள்.

போன் உறை பற்றியும் சொல்ல வேண்டும். உலோகத் தகடு வைத்த உறை, பின்னால் ஒட்டும் காந்த வளையம், இரும்புத் தகடு ஆகியவை சிக்னலுக்கு எதிரி. ரப்பரும் சாதாரண பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. உலோக விளிம்புள்ள போன்களில் அங்கங்கே மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் தெரியும். ஆன்டெனாக்களைப் பிரித்து வைக்கும் இடைவெளிகள் அவை. அவற்றை மூடும் எதையும் மாட்டாதீர்கள். உள்ளூரில் சிக்னல் குறைவாகவும் 5ஜி அரைகுறையாகவும் இருந்தால் செட்டிங்ஸில் 4ஜியை முதன்மையாக வைத்துவிடுங்கள். 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே தாவிக்கொண்டே இருப்பதால் அறுந்துபோகும் அழைப்புகள் குறையும், பேட்டரியும் தாங்கும்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குள் சிக்னல் வராத இடங்கள் இருக்கின்றன. அங்கே இணையத்தில் விற்கும் ‘சிக்னல் பூஸ்டர்’ பெட்டியை வாங்கி மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், தரமில்லாத அந்தப் பெட்டி டவரை நோக்கி இரைச்சலை வீசும். ஒரு வீட்டில் கோடு ஏறும்போது சுற்றியுள்ள ஊர்களுக்கே சேவை கெடும்.

இதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. அதன் வேர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990-களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். கம்பி இழுக்கக் காசில்லாத கிராமங்களுக்காகச் செய்தது அது. வீட்டுக்கூரை மேல் ஒரு சிறிய ஆன்டெனா. அது டவரைப் பார்த்து நிற்கும். சுமார் 10 கிலோமீட்டர் வரை தொலைபேசியும் இணையமும் வரும். நடுவே ஓர் இணைப்பு நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை போகும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 2001-ஐ ஒட்டி இணைய மையங்கள் இந்த முறையில்தான் வந்தன. கைபேசி அலை வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் அந்தப் பொறியாளர்கள் கண்டு வைத்த உண்மை மாறவில்லை: வீட்டுக்குள், கைக்குள் இருக்கும் ஆன்டெனாவைவிடக் கூரை மேல் இருக்கும் ஆன்டெனா எத்தனையோ மடங்கு மேல்.

இன்று அதைச் செய்ய, வெளி ஆன்டெனா பொருத்தும் துளை உள்ள 4ஜி ரூட்டர் ஒன்றை வாங்கி, அதில் சிம் போட்டு, ஆன்டெனாவைக் கூரை மேல் டவர் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தால் போதும். வாங்கும்போது அந்த ரூட்டருக்கும் 28, 5, 8 பொருந்துமா என்று பாருங்கள். வீட்டுக்குள் வைஃபை வந்துவிடும். வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பைப் பேசும் வசதியை ஏர்டெல் 2019 இறுதியிலும் ஜியோ 2020 தொடக்கத்திலும் கொண்டுவந்தன. தனிக் கட்டணம் இல்லை. போனில் ‘வைஃபை காலிங்’ என்ற ஒரு பொத்தானைத் தள்ளிவிட வேண்டும். எத்தனையோ வீடுகளில் கேபிள் வழி வைஃபை இருந்தும், அந்தப் பொத்தானைத் தொடாமல் மொட்டை மாடிக்கு ஓடிப் பேசுகிறார்கள். ரூட்டருக்குக் காசில்லை என்றால், நல்ல அலைவரிசைகள் கொண்ட ஒரு பழைய போனை ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் வரும் மாடத்திலோ மாடிப்படியிலோ வைத்துவிட்டு, கையில் இருக்கும் போனில் வைஃபை காலிங் மூலம் பேசலாம்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இடம், பிறகு நிறுவனம், கடைசியில் போன். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுப் போனுக்குப் பதினைந்தாயிரம் செலவழிப்பதற்கு முன், இருக்கிற போனிலேயே வேறொரு நிறுவனத்தின் சிம்மை இரவல் வாங்கிப் போட்டு, வீட்டில் நீங்கள் அதிகம் பேசும் இடத்தில் அந்த டிபிஎம் எண்ணைப் பாருங்கள். அங்கே வேறுபாடு பெரிதாக இருந்தால் போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமை 2011-லிருந்து நாடெங்கும் இருக்கிறது. எந்த நிறுவனமும் உதவவில்லை என்றால் அப்போது போனைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் ஊரில் யாரிடமாவது நீங்கள் நினைக்கும் அதே மாடல் இருந்தால், அவரை வீட்டுக்கு அழைத்து, உங்கள் சிம்மை அதில் போட்டு, உங்கள் போன் இருந்த அதே இடத்தில் எண்ணைப் பாருங்கள். எண்ணோடு நிறுத்தாமல் ஓர் அழைப்பும் பேசிப் பாருங்கள். எண் காட்டுவது நம் போன் கேட்கும் திறனை. நம் குரல் டவரை எட்டுகிறதா என்பது பேசினால்தான் தெரியும்.

ஒரு போன் வாங்க ஏழை வீட்டுக்காரர் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்பதே என் பதில். வாங்குகிறவர் தலையில் இதைச் சுமத்துவது அநியாயம். போனிலிருந்து வரும் கதிர்வீச்சு உடம்பில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு 2012 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் உச்சவரம்பு இருக்கிறது: கிலோவுக்கு 1.6 வாட். அந்த எண்ணை வாங்குகிறவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். *#07# என்று அழுத்தினால் இன்றும் பெரும்பாலான போன்களில் வரும். ஃபிரிட்ஜுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கடையில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்த்து வாங்குகிறார். போன் டவருக்கு எவ்வளவு சக்தி அனுப்புகிறது, எவ்வளவு மெல்லிய சிக்னலைக் கேட்கிறது என்ற இரண்டு அளவுகளுக்கும் உலகளாவிய சோதனை முறைகள் ஏற்கெனவே உள்ளன. தயாரிப்பாளர்கள் அவற்றைச் செய்தும் பார்க்கிறார்கள். அந்த இரண்டு எண்களையும் பெட்டியில் அச்சிடச் சொல்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாடு அது. அங்குள்ள டெல்ஸ்ட்ரா நிறுவனம் போன்களைத் தானே சோதித்து, கிராமப்புறத்தில் நன்றாகச் சிக்னல் பிடிப்பவற்றுக்கு ‘நீல டிக்’ என்று ஓர் அடையாளம் கொடுக்கிறது. பண்ணை வைத்திருப்பவர் கடைக்குப் போய் நீல டிக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறார். ஒரு தனியார் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குச் செய்வதை, இத்தனை கோடி கிராமத்து மக்கள் இருக்கும் நம் நாட்டில் அரசு எல்லோருக்குமாகச் செய்யலாம். தொலைத்தொடர்பு எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022-ல் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. டவர் முனையில் அவ்வளவு செலவழிக்கும்போது, கை முனையில் ஒரு சின்ன ஒட்டுத்தாள் அளவு தகவல் கொடுக்க என்ன தடை?

அது வரும் வரை ஊரே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. ஊர் நூலகத்திலோ இ-சேவை மையத்திலோ பால் சொசைட்டியிலோ ஒரு நோட்டு போடுங்கள். போன் மாடல், நிறுவனம், தெரு அல்லது காட்டின் பெயர், டிபிஎம் எண், பேச முடிந்ததா இல்லையா என்று ஐந்து கட்டம். பத்தாவது படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஊரை அளந்துவிடுவார்கள். அடுத்து போன் வாங்கக் கீழே இறங்குகிறவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு இறங்கட்டும். அடுத்த கிராம சபையில், பெட்டியில் சிக்னல் திறனை அச்சிட வேண்டும் என்ற தீர்மானத்தோடு அந்த நோட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். அப்படி நோட்டு போட்ட ஊர்கள் இந்தத் தொடருக்கும் ஒரு நகல் அனுப்பினால், வரும் வாரங்களில் அவற்றை இங்கே வெளியிடுகிறேன்.

(தொடரும்)